நாயுடன் ஸ்வேல்டேல் பக்கம் ஒரு வாரம்: எதைப் பார்த்து காட்டேஜ் எடுப்பது?

வாணி_ஹாரோ | ஏப்ரல் 6, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரம் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸில், ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குப் பக்கம் தங்கலாம்னு இருக்கோம். நான், கணவர், பையன், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிற அம்மா, அப்புறம் எங்க கருப்பி. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கிற கலப்பின நாய். பார்க்க லாப்ரடார் மாதிரி இருக்கும், ஓடுற எதையும் துரத்துறதுல அப்படியே ஆடு மேய்க்கிற கோலி நாய். வீட்டுப் பக்கத்து பார்க்கில் கூப்பிட்டா வந்துடும், அணில் கண்ணில் படாத வரைக்கும்.

மூணு வீடு பார்த்து வெச்சிருக்கோம். ஒண்ணு ரீத் ஊருக்குள்ளயே இருக்கு. இன்னொண்ணு மியூக்கருக்கு மேலே, தனிப்பாதை முடியற இடத்தில். மூணாவது ஹாஸ் ஊர் எல்லையில். மூணுக்குமே 'நாய்களுக்கு அனுமதி, அடைப்புள்ள தோட்டம்'னுதான் போட்டிருக்காங்க. வாடகையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை வெச்சு முடிவு பண்றது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எங்களுக்கு முக்கியமா வேண்டியது அமைதி.

தென்றல்_லீட்ஸ் | ஏப்ரல் 6, இரவு 10.45

வாணி, வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். டேல்ஸில் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: செம்மறி ஆடுகள்.

'அடைப்புள்ள தோட்டம்' என்ற இரண்டு சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எங்கள் நண்பர் குடும்பம் ஒருமுறை எடுத்த வீட்டில் முன்பக்கம் அழகான மதிலும் கதவும் இருந்தன. பின்பக்கம் ஓடை. ஓடைக் கரையில் வேலியே கிடையாது. விளம்பரம் கொடுத்தவர்கள் ஓடையையும் அடைப்பாகவே கணக்கில் எடுத்திருந்தார்கள். அங்குள்ள மதில்கள் காரை பூசாமல் கல்மேல் கல் அடுக்கியவை. சரிவான நிலம் என்பதால் கீழ்ப்பக்கம் நின்று பார்த்தால் ஆள் உயரம் தெரியும். மேல்பக்கம் போனால் அதே மதில் இடுப்புக்குக்கூட வராது. கருப்பி தாண்டப் போவது மேல்பக்கத்திலிருந்து. அதனால் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவின் கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா, கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா, தபால்காரரும் குப்பை எடுப்பவரும் அந்த வழியாகத்தான் வருவார்களா என்றும் கேளுங்கள். நல்ல உரிமையாளர் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார். சலிப்பவரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டு விதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாயைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது, மாடிக்கு விடக் கூடாது என்பவை வழக்கமான இரண்டு விதிகள். நாய்க்குத் தனிக் கட்டணம் இருக்கும். ஓர் இரவுக்கா, ஒரு வாரத்துக்கா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் கடைசி வாரத்துக்கு இன்னொரு விஷயம். மியூக்கரின் உலர்புல் வயல்கள் அப்போது பூத்திருக்கும். ஊதா நிற வுட் கிரேன்ஸ்பில், மஞ்சள் ரேட்டில், கருஞ்சிவப்புத் தலை ஆட்டும் பர்னெட் எல்லாம் ஒரே வயலில். பிரிட்டனில் இப்படிப்பட்ட பூப்புல் வெளிகளில் 97 விழுக்காடு 1930களிலிருந்து அழிந்துபோனது. மிஞ்சியதில் மிக நல்லவை சில இங்கே இருக்கின்றன. வயலுக்கு நடுவே ஒற்றையடியாகக் கற்பலகை பாவியிருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக அதன் மேல்தான் நடக்க வேண்டும், நாயும் அதன் மேல்தான். ஜூலை வாக்கில் அறுக்கப்போகும் அந்தப் புல்தான் குளிர்காலம் முழுக்க ஆடு மாடுகளுக்குத் தீனி. மிதித்துச் சாய்த்த புல்லை இயந்திரம் சரியாக அறுக்காது. நாயின் கழிவு அதில் கலந்தால் இன்னும் கேடு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாய்க் கழிவு வழியாகப் பரவி, பசுக்களின் சினையைக் கலைத்துவிடும். பையில் எடுத்து, கையோடு வீடு வரை கொண்டு வாருங்கள். மதில் மேல் பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுக்கலாம் என்று போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பைகள் அங்கேயேதான் கிடக்கின்றன.

சுழிபுரத்தான் | ஏப்ரல் 7, காலை 7.05

தங்கச்சி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மியூக்கருக்கு மேல போகாதேங்கோ. அந்தத் தனிப்பாதையள் ஒரு கார் போற அகலம்தான். எதிர்ல ட்ராக்டர் வந்தா அரை மைல் பின்னால போகவேணும். நாங்கள் டேல்ஸுக்குத்தான் வழமையாப் போறது. எங்கட அம்மா இருந்த காலத்தில ரீத்திலதான் எடுப்பம். ஊருக்கு நடுவில பெரிய புல்வெளி, சுத்திவரக் கடையள், வெள்ளிக்கிழமை சந்தை. அவ வாங்கில இருந்து சனத்தைப் பாத்துக்கொண்டிருப்பா. அமைதி எண்டு சொல்லிப்போட்டு வயசு போன ஒராளைச் சனம் இல்லாத இடத்தில கொண்டுபோய் வைச்சா அவவுக்கு அது அமைதியா இருக்காது.

டார்லிங்டன்_குமார் | ஏப்ரல் 7, மதியம் 12.30

சட்டத்தைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அங்கே நடக்கும் இடம் இரண்டு வகை. பொதுப் பாதை என்பது வயல்களின் ஊடே போகும் கோடு. அதில் நாயைக் கயிற்றில் கட்டியே ஆக வேண்டும் என்று பொதுச் சட்டம் இல்லை, ஆனால் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று மேட்டு மூர்லாந்து, அதாவது 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் எங்கும் நடக்கலாம் என்று திறந்துவிடப்பட்ட நிலம். அங்கே மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். ஆடு மாடு அருகில் இருந்தால் ஆண்டு முழுக்க அதே விதி. நீங்கள் போகும் ஜூன் மாதம் இதற்குள் வருகிறது. க்ரௌஸ் பறவை வேட்டைக்காக வைத்திருக்கும் சில மூர்களில் நாயே கூடாது என்று தடை போட நில உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. அங்கும் பொதுப் பாதை வழியாக நாயோடு போகலாம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

ஆடுகளைத் துரத்துவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடித்தால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஆடு நிற்கும் வயலில் கட்டுப்பாடில்லாமல் நாய் திரிவதே அந்தச் சட்டத்துக்குள் வரும். மந்தையைக் காக்க வேறு வழியில்லை என்ற நிலையில் விவசாயி நாயைச் சுட்டால், 48 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்லிவிட்டால், 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போக வேண்டிய விஷயம்.

வரைபடம்: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 30. காகிதத்திலேயே வாங்குங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. பச்சைக் கோடுகள் பாதைகள், வெளிர் மஞ்சள் நிறம் அடித்த இடம் திறந்த நிலம்.

செவ்வந்தி | ஏப்ரல் 7, மாலை 6.10

படிக்கப் படிக்க மூச்சு முட்டுதுங்க. நகரத்துல வருஷம் பூரா கயிறு, அங்கே போயும் கயிறுன்னா கருப்பிக்கு அது என்ன விடுமுறை? நாய் நாலு காலும் தரையில் படாம ஓடறதைப் பார்க்கத்தானே போறோம். நார்தம்பர்லாந்து போங்க வாணி. பாம்பரோ கடற்கரையில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல். தெற்கே நிறைய ஊர்கள்ல கோடைக் காலத்துல கடற்கரைக்கு நாயே கூடாதுன்னு தடை இருக்கு, அங்கே அந்தக் கெடுபிடி அவ்வளவா இல்லை. எங்க ரெண்டு பீகிளும் அங்கே ஓடின மாதிரி வேற எங்கேயும் ஓடலை.

தென்றல்_லீட்ஸ் | ஏப்ரல் 7, இரவு 9.55

செவ்வந்தி, ஓட வேண்டும் என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கடற்கரையில் விடுங்கள், ஆனந்தமாக ஓடட்டும். ஆனால் அங்கும் பீட்னெல் பக்கம் லாங் நானியில் ஆலாப் பறவைகள் மணலில் முட்டையிடும் பருவம் இதே மே, ஜூன், ஜூலைதான். அந்த இடத்தில் கயிறு வேண்டும்.

டேல்ஸில் நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத வெளியாகத் தெரிவது முழுக்க வேலை நடக்கும் இடம். அந்தக் கரிய முகம், சுருள் கொம்பு ஸ்வேல்டேல் ஆடுகளுக்கு மேட்டில் வேலி கிடையாது. எந்த மலைப்பகுதி தன்னுடையது என்று தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. ஒரு நாய் பத்து நிமிடம் துரத்தினால் மந்தை கலைந்து, குட்டியும் தாயும் பிரிந்து, மதிலில் மோதி, ஓடையில் விழுந்து சாகும். சினை ஆடு என்றால் நாயின் பல் படவே வேண்டாம், ஓடிய ஓட்டத்திலேயே சினை கலைந்துவிடும். துரத்திய நாயின் உரிமையாளர் பெரும்பாலும் 'என் நாய் ஒன்றும் செய்யாது, விளையாடுகிறது' என்றுதான் சொல்வார். ஆடுகளுக்கு அது விளையாட்டு என்று தெரியாது.

ஆடுகள் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கர்லூ என்ற நீண்டு வளைந்த அலகுப் பறவை, நம் ஊர் ஆள்காட்டிக் குருவியின் உறவான லாப்விங், இரண்டும் புல்லுக்குள் வெறும் தரையில்தான் முட்டையிடும். தாய்ப் பறவையை நாய் கிளப்பிவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும், அல்லது காக்கை எடுத்துப்போகும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் கர்லூவின் குரல் கேட்கத்தான் நாம் அவ்வளவு தூரம் போகிறோம். அந்தக் குரல் அடுத்த ஆண்டும் அங்கே இருக்க வேண்டுமே.

கருப்பி ஓடுவதற்கு வழி இருக்கிறது. சுற்றிலும் உயரமான கம்பி வேலி போட்ட வயலை அரை மணி, ஒரு மணி என்று நாய்களுக்கென்றே வாடகைக்கு விடுகிறார்கள். வேறு நாய் இருக்காது, ஆடு இருக்காது. வீட்டுக்கு அருகில் எங்கே என்று உரிமையாளரிடமே கேளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை அங்கே ஓடவிட்டு, மற்ற நேரம் மோப்பம் பிடித்தபடி நீண்ட நடை நடந்தால் நாய் அசந்து தூங்கும். புதிய நிலத்தின் வாசனையே அதற்குப் பெரிய வேலை.

செவ்வந்தி | ஏப்ரல் 7, இரவு 10.20

முட்டை விஷயம் எனக்குத் தெரியாது. சரிங்க. வாடகை வயல் நல்ல யோசனை, எங்க பக்கமும் தேடிப் பார்க்கிறேன்.

வாணி_ஹாரோ | ஏப்ரல் 9, இரவு 8.40

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூணு பேருக்கும் எழுதிப் போட்டேன். மியூக்கர் வீட்டுக்காரர் உடனே பதில் போட்டார். மதில் ஒரு பக்கம் தாழ்வா இருக்கு, துரத்துற நாய்ன்னா சரிப்படாதுன்னு அவரே சொல்லிட்டார். வாடகை போனாலும் பரவாயில்லைன்னு உண்மையைச் சொன்னது மனசுக்குப் பிடிச்சிருந்தது. ரீத் வீட்டுல தோட்டமே பக்கத்து வீட்டோட பொதுவாம். ஹாஸ் வீட்டுல மதிலுக்கு மேலே கம்பி வலை போட்டிருக்கு, கீழேயே ஒரு படுக்கையறை இருக்கு, ஆனா வாசல்ல கதவுக்குப் பதிலா ஆடு மாடு தாண்டாம இருக்கத் தரையில் இடைவெளி விட்டு இரும்புக் கம்பி போட்ட 'கேட்டில் கிரிட்'. பக்கத்திலேயே ஆள் போக ஒரு சின்னக் கதவும் உண்டாம். பக்கத்து வயல்ல கன்றோட மாடுகள் இருக்கும்னும் சொன்னாங்க. மாடு பத்தி அம்மாவுக்குப் பயமில்லை, எனக்குத்தான்.

பாலைப்பூ | ஏப்ரல் 9, இரவு 11.15

நான் கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறேன். கேட்டில் கிரிட்டில் நாயின் கால் கம்பி இடைவெளியில் இறங்கினால் எலும்பு முறியும். முதல் நாளே கருப்பியைக் கயிற்றில் பிடித்துச் சின்னக் கதவு வழியாக மட்டும் கூட்டிப் போய்ப் பழக்குங்கள். கிரிட் இருப்பதால் நாய் வெளியே போகாது என்று நம்பித் தோட்டத்தில் தனியாக விடவே கூடாது. துணிந்த நாய் தாண்டிவிடும்.

மாடு: உங்கள் அம்மா பார்த்துப் பழகிய மாடு வேறு, கன்றோடு திறந்த வயலில் நிற்கும் இந்த மாடு வேறு என்று அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். அவற்றின் கண்ணில் நாய் என்பது கன்றைத் தின்ன வரும் ஓநாய்தான். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். முடிந்தால் வேறு பாதை, இல்லாவிட்டால் மதிலை ஒட்டிச் சத்தமில்லாமல் சுற்றிப் போவது. மாடுகள் நெருங்கித் துரத்த ஆரம்பித்தால் கயிற்றைக் கைவிட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், மாடும் நாயைத்தான் துரத்தும். நாயைக் காப்பாற்றக் கையில் தூக்கிக்கொண்டவர்கள்தான் மிதிபடுகிறார்கள். கிராமப்புற நடத்தை விதிகளிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவருக்கும் பையனுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

உண்ணி: ஜூனில் பெரணியும் உயரமான புல்லும் இருக்கிற இடமெல்லாம் உண்ணிதான். ஒவ்வொரு மாலையும் காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். உங்கள் கால்களையும் பாருங்கள், உண்ணி பரப்பும் லைம் நோய் மனிதர்களுக்கும் வரும். உண்ணி எடுக்கும் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும். தோலை ஒட்டி நுழைத்து, திருகி எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீயால் சுடுவது வேண்டாம்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து பயன்படுத்துகிறீர்களா? அவற்றில் சேர்க்கும் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிகள் இரண்டும் இங்கிலாந்தின் ஆறுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன, நீர்ப்பூச்சிகளைக் கொல்லக்கூடியவை. கருப்பி ஓடையில் இறங்கும் என்றால் மாத்திரைக்கு மாறலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெயில் காலத்தில் தேங்கிய நீரில் பச்சை நுரை மிதந்தால் குடிக்கவோ நீந்தவோ விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். இரவு அவசரத்துக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பல நேரம் அது வேறு ஊராக இருக்கும்.

சுழிபுரத்தான் | ஏப்ரல் 10, காலை 6.50

ஹாஸும் நல்ல இடம்தான். செவ்வாய்க்கிழமை சந்தை, வென்ஸ்லிடேல் சீஸ் செய்யிற இடம், நடந்து போகலாம். அம்மாவுக்குக் கீழ்த்தட்டு அறை இருக்கெண்டா அதையே எடுங்கோ.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். உந்தப் பக்கம் கழிவுநீர் செப்டிக் டாங்குக்குத்தான் கனக்க வீடுகளில போறது. துடைக்கிற தாள், சமைச்ச எண்ணெய் ஒண்டும் உள்ளுக்க ஊத்தக் கூடாது. தாளிச்ச எண்ணெயை ஒரு டின்னில ஊத்தி வையுங்கோ. கல் வீடு ஜூனிலயும் குளிரும், அம்மாவுக்குக் காலுறையும் கம்பளிச் சால்வையும் வேணும். விறகு அடுப்பு இருந்தா விறகு வாடகைக்குள்ள வருதோ, தனியோ எண்டு கேளுங்கோ. கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், இட்லி மா எல்லாம் இஞ்சயிருந்தே கட்டிக்கொண்டு போங்கோ, அங்க கிடைக்காது. மீன் பொரிக்கிறதெண்டா யன்னலைத் திறந்துபோட்டுப் பொரியுங்கோ, பிறகு வாறவைக்கும் அது வீடுதானே. நாய்க்குப் பழைய துவாய் கூடுதலா வேணும். மழை பெய்யாத கிழமை எண்டு ஒண்டு அங்க இல்லை.

மழை எண்டவுடன ஞாபகம் வருது, ஓடைப் பக்கம் கவனம். ஸ்வேல் ஆறு சடாரெண்டு ஏறும். 2019 ஜூலையில பெய்த மழையில கிரின்டன் பக்கம் வந்த ஓடை வெள்ளம் ஒரு பாலத்தையே கொண்டுபோனது. மேல மழை இருட்டினா கல்லில தாவிக் கடக்கிற இடங்களை விட்டுடுங்கோ.

டார்லிங்டன்_குமார் | ஏப்ரல் 10, மதியம் 1.15

ஹாஸில் தங்கினால் ஒரு நாள் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். சில மைல் தள்ளி கார்ஸ்டேல் நிலையம், 1876இல் பயணிகளுக்குத் திறந்த செட்டில்-கார்லைல் பாதையில். பிரிட்டன் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்களைக் கட்டணம் இல்லாமல் கூட்டிப் போகலாம். அம்மாவும் நடக்காமலே மலையெல்லாம் பார்த்துவிடுவார்கள். ரிப்பிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் ரயில் போகும்.

கார்ஸ்டேல் நடைமேடையில் ஒரு நாயின் வெண்கலச் சிலை இருக்கிறது. உங்கள் பையனுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள். 1980களில் இந்தப் பாதையை மூடிவிட முடிவு செய்தார்கள். எதிர்த்துப் போராடிய அமைப்பைத் தொடங்கியவர்களில் கிரஹாம் நட்டால் ஒருவர். அவருடைய கோலி நாயின் பெயர் ரஸ்ஸப். மூடக் கூடாது என்று 32,000 பேர் கொடுத்த ஆட்சேபங்களோடு ரஸ்ஸப்பின் பாதச் சுவடும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்போது நாய்க்கும் கட்டணம் உண்டு, ரஸ்ஸப்பும் பணம் கட்டிப் பயணம் செய்த பயணிதான். 1989 ஏப்ரலில் பாதை காப்பாற்றப்பட்டது. அடுத்த ஜனவரியில் இருவரும் வேல்ஸில் லான்ட்ரின்டாட் வெல்ஸ் பக்கம் மலை நடைக்குப் போனார்கள், திரும்பவில்லை. ஏப்ரலில், 11 வாரம் கழித்து, ஓர் ஓடைக்கரையில் நட்டாலின் உடலைக் கண்டெடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ரஸ்ஸப் அருகிலேயே இருந்திருக்கிறது. வயது 14. நடக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். எஜமானரின் இறுதிச் சடங்கு வரை உயிரோடு இருந்து, பிறகு இறந்துபோனது. பாதை காப்பாற்றப்பட்ட இருபதாம் ஆண்டு நிறைவில், 2009 ஏப்ரலில், சிலையை வைத்தார்கள்.

பாலைப்பூ | ஏப்ரல் 10, மதியம் 1.40

இந்தக் கதை எனக்குத் தெரியாமலே போயிற்று குமார் அண்ணா. 14 வயது நாய்க்கு ஒரு வாரக் குளிரைத் தாங்குவதே பெரிய பாடு. இதைப் படித்துவிட்டு வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

வாணி_ஹாரோ | ஏப்ரல் 12, மாலை 7.30

ஹாஸ் வீட்டையே எடுத்தாச்சு. கன்று மாடுகள் எந்த வயல்ல நிற்கும், எந்தப் பாதை வழியா போனா அந்தப் பக்கம் போக வேண்டாம்னு வீட்டுக்காரம்மா வரைஞ்சே அனுப்பிட்டாங்க. வாடகை வயலும் பக்கத்துல ஒண்ணு சொல்லியிருக்காங்க. பட்டர்டப்ஸ் கணவாய் வழியா ஒரு நாள் மியூக்கர் போய் பூ பார்த்துட்டு வருவோம், கருப்பி சின்னக் கயிற்றில்தான். அம்மா வயல் நடுவே வர வேண்டாம், ஊருக்குள்ளேயே உட்கார்ந்து டீ குடிக்கட்டும். ரஸ்ஸப் கதையைச் சொன்னதிலிருந்து பையன் கார்ஸ்டேல் எப்போன்னு தினமும் கேட்கிறான்.

கடைசியா ஒரு சந்தேகம். கழுத்துப்பட்டையில் என்ன எழுதணும்? எங்க வீட்டு முகவரியா, காட்டேஜ் முகவரியா?

டார்லிங்டன்_குமார் | ஏப்ரல் 12, இரவு 8.05

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டு ஆணை. அதனால் உங்கள் சொந்த முகவரி நிலையாக இருக்கட்டும். காட்டேஜின் தரைவழித் தொலைபேசி எண்ணை இன்னொரு சின்னத் தகட்டில் எழுதிக் கூடவே மாட்டுங்கள், உங்கள் கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லாமல் போகலாம்.

பாலைப்பூ | ஏப்ரல் 12, இரவு 8.30

மைக்ரோசிப் பதிவையும் பாருங்கள் வாணி. 2016 முதல் சிப் கட்டாயம் என்பதால் பெரும்பாலான நாய்களுக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பதிவில் பழைய எண் கிடப்பதால் கண்டெடுத்த நாயைத் திருப்பித் தர முடியாமல் நாங்கள் திண்டாடுகிறோம். காப்பகத்திலிருந்து எடுத்த நாய் என்றால் இன்னும் காப்பகத்தின் பெயரிலேயே இருக்கவும் வாய்ப்புண்டு. இந்த வாரமே பதிவு நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.